எங்கள் ஐயா எந்தக் கணக்கில்?

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நாற்பது வந்து கிடக்குது" என்றார் நம் பேரவைச் செயலாளர். எனக்குக் கவிதை வராது, அதனால் கவலையில்லை. கதையும் வராது. எனக்குத் தெரிந்தது கொஞ்சம் லெவலிங், கொஞ்சம் எஸ்டிமேட், காலை ஆலங்குடி பஸ்ஸில் எந்த இடத்தில் நின்றால் மூச்சு விடலாம் என்பது. அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம் ஒரு வருடமாக மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே!

நம் நாட்டில் ஒரு வருடத்தில் எத்தனை பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது, எத்தனை பேர் ரோட்டில் அடிபட்டுச் செத்தார்கள், எத்தனை பேரைப் பாம்பு கடித்தது என்றெல்லாம் பேப்பரில் படிக்கிறோமே, அதை யார் எண்ணுகிறார்கள்? போன வருடத்தை விடக் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இதுதான் விஷயம்.

சென்ற ஆண்டு என்.எஸ்.எஸ். முகாமில் எனக்குக் கிடைத்த வேலை, கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவோடு வீடு வீடாகப் போவது. மற்றவர்கள் கருவேல முள் வெட்டிக்கொண்டிருக்க, நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் "காய்ச்சல் யாருக்காவது? வயிற்றுப்போக்கு? கண்ணு மஞ்சளா இருக்கா?" என்று கேட்பார், எழுதுவார். ஒரு தெரு முழுக்க யாருக்கும் ஒன்றும் இல்லை. நான் கேட்டேன்: "அக்கா, ஒண்ணும் இல்லைன்னா எழுத வேண்டாம்ல?"

"வேணும்ப்பா. இல்லைன்னாலும் 'இல்லை'ன்னு எழுதணும். எழுதாம விட்டா நான் போகவே இல்லைன்னு அர்த்தம். ரெண்டும் வேற வேற."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் எங்கள் ஐயா ஞாபகம் வந்துவிட்டது.

ஐயா என்றால் அப்பாவின் அப்பா. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது நம் மாவட்டத்துப் பிள்ளைகள் யாருக்கும் மறந்திருக்காது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. தென்னை, பலா, தேக்கு என்று நின்றதெல்லாம் படுத்துவிட்டது. எங்கள் கூரை பாதி பறந்துவிட்டது. கரண்டு இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. மெயின் ரோட்டுக்குப் போகும் இரண்டு கிலோமீட்டர் மண்பாதையில் எத்தனை மரம் விழுந்து கிடந்தது என்று எண்ணவே முடியாது. மூன்றாம் நாள் ராத்திரி எல்லோரும் மண்தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். நடுராத்திரியில் ஐயா எழுந்து, "எறும்போ என்னமோ கடிச்சிருச்சு" என்று காலைத் தேய்த்துவிட்டு மறுபடி படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றார். அப்பத்தா சீரகத் தண்ணீர் கொடுத்தது. அப்புறம் கண் இமையைத் தூக்க முடியவில்லை. பேச்சுக் குழறியது. விடியும்போது மூச்சு நின்றுவிட்டது.

பாயைச் சுருட்டும்போது, கூரையிலிருந்து சரிந்து கிடந்த மட்டைக்கு அடியில் கட்டுவிரியன் கிடந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம். கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தூங்குகிறவர்களைத்தான் அது அதிகம் கடிக்கும். அன்று அது யாருக்குத் தெரியும்?

பிறகு சாவைப் பதிய அப்பா போனபோது, எப்படி இறந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். "வயசாயிருச்சுங்க, நெஞ்சடைப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் அப்படிச் சொன்னார்? பாம்பு என்று சொன்னால் போலீஸ் வரும், ஐயாவை அறுத்துப் பார்த்திருக்க வேண்டுமே என்று கேட்பார்கள் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பெரியவர்கள் சொன்னதைச் செய்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த ஒரு வார்த்தை எங்கே போனது என்பதுதான் அடுத்த விஷயம்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் என்று 1969-ல் ஒரு சட்டம் வந்தது. நம் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர்தான் பதிவாளர். 21 நாளுக்குள் சொன்னால் காசு கிடையாது. பெயர், வயது, இடம், தேதியோடு இறப்பின் காரணத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆனால் நம் கையில் தரும் இறப்புச் சான்றிதழைப் பாருங்கள், அதில் காரணம் இருக்காது! நான் முதலில் விட்டுப்போச்சோ என்று நினைத்தேன். சட்டமே அப்படித்தான். சான்றிதழ் நகலில் காரணத்தை வெளியிடக் கூடாது என்று விதி. காரணம் பதிவேட்டில் தங்கி, வெறும் எண்ணாக மாறி, மாவட்டம், மாநிலம் என்று ஏறி டெல்லியில் இருக்கிற தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். ஆக எங்கள் ஐயா நெஞ்சடைப்பாக டெல்லி போய்ச் சேர்ந்திருக்கிறார்.

பாம்புக்கடிக்கு இன்னும் இரண்டு கணக்கு உண்டு. ஆஸ்பத்திரிகள் அனுப்பும் கணக்கு ஒன்று. ஐயா ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பதிவுகளைச் சேர்த்துத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் வெளியிடும் விபத்துச் சாவுக் கணக்கு மற்றொன்று. போலீசுக்கு நாங்கள் சொல்லவே இல்லை. மூன்று வலை போட்டும் மூன்றிலும் சிக்காமல் போய்விட்டார்.

ஒரு ஐயா இப்படி என்றால் பரவாயில்லை. நாடு முழுக்க இப்படி எத்தனை ஐயா?

இதைக் கண்டுபிடிக்கச் சிலர் ஒரு வழி செய்தார்கள். நாட்டில் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. ஆனால் மாதிரிப் பதிவுத் திட்டம் என்று தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் ஒரு ஏற்பாடு 1960-களின் கடைசியிலிருந்தே உண்டு. நாடெங்கும் சில ஆயிரம் சிறு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே நடக்கும் பிறப்பு இறப்பு ஒன்றையும் விடாமல் எழுதுவார்கள். குழந்தை இறப்பு விகிதம் என்று நாம் பேப்பரில் படிப்பது இதிலிருந்து வருவதுதான். இதன்மேல் ஏறி உட்கார்ந்தது 'பத்து லட்சம் இறப்பு ஆய்வு'. கனடாவில் இருக்கும் டாக்டர் பிரபாத் ஜா தலைமையில், தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து நடந்தது.

அவர்கள் செய்தது எளிமையான காரியம். சாவு நடந்த வீட்டுக்குக் களப்பணியாளர் போவார். அவர் டாக்டர் இல்லை. உட்கார்ந்து கேட்பார். எப்போது உடம்பு முடியாமல் போனது, முதலில் என்ன செய்தது, அப்புறம் என்ன, காய்ச்சல் இருந்ததா, அடிபட்டதா? வீட்டார் சொல்வதை அவர்கள் பேசும் மொழியிலேயே அரைப்பக்கம் எழுதுவார். அந்தத் தாளை இரண்டு டாக்டர்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியே படித்துக் காரணத்தைக் குறிப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் திரும்பப் பார்ப்பார்கள். அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் மூத்த டாக்டர் ஒருவர் முடிவு சொல்வார். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். கத்தி கிடையாது, அறுப்பது கிடையாது, போலீஸ் கிடையாது. பயமில்லாததால் ஜனங்கள் உண்மையைச் சொன்னார்கள்.

இதில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பெருமை உண்டு. 1990-களின் பிற்பாதியில் இறந்த 80,000 பெரியவர்களின் வீடுகளை வைத்து, சென்னையில் 48,000, விழுப்புரம் மாவட்டத்தில் 32,000 என்று, டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். 'காரணம் சரியாகத் தெரியவில்லை' என்று பதிவாகியிருந்த சாவுகள் சென்னையில் நூற்றுக்கு 54-லிருந்து 23 ஆகவும், கிராமப்புறத்தில் 41-லிருந்து 26 ஆகவும் குறைந்தன. வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகக் கேட்டதால் மட்டுமே!

சரி, பாம்புக்கு வருவோம். 2001 முதல் 2003 வரை அந்தச் சிறு பகுதிகளில் நடந்த சாவுகளில் சுமார் 1,23,000-ஐ இப்படி விசாரித்தார்கள். அதில் 562 பாம்புக்கடி. ஆயிரத்துக்கு ஐந்துகூட வரவில்லை, இதைப் போயா பெரிசாகப் பேசுகிறான் என்று தோன்றும். ஆனால் அந்த விகிதத்தை நாட்டின் மொத்தச் சாவுகளுக்குப் பொருத்தியபோது 2005-ஆம் வருடத்துக்கு 45,900 பேர் என்று வந்தது. அதுவரை ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த அரசுக் கணக்கைப் போல 30 மடங்குக்கும் மேல்! 100-ல் 97 சாவு கிராமத்தில். ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் 100-க்கு 23 பேர்தான். மீதிப்பேர் வீட்டிலும் வழியிலும் எங்கள் ஐயா மாதிரி. அதே குழுவினர் 2020-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், 2000 முதல் 2019 வரை இருபது வருடத்தில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், வருடத்துக்குச் சராசரி 58,000 என்று கணக்கிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. எங்கள் ஊருக்கு யாரும் வந்து கேட்டதில்லை. ஆனாலும் 2018 அந்த இருபது வருடத்துக்குள்தான் வருகிறது. எங்கோ ஒரு ஊரில், எங்களை மாதிரி ஒரு வீட்டில், கட்டுவிரியன் கடித்ததை ஒரு மருமகளோ மகனோ சொல்லியிருக்கிறார். அவர்கள் வீட்டுச் சாவு தனக்காகவும் எங்கள் ஐயா போலப் பல பேருக்காகவும் எண்ணப்பட்டிருக்கிறது. பதிவேட்டில் நெஞ்சடைப்பாக இருக்கிற மனுஷன் இந்தப் பன்னிரண்டு லட்சத்தில் பாம்புக்கடியாக இருக்கிறார். மாதிரி எடுப்பது என்று கணக்குப் பாடத்தில் படித்தபோது இதெல்லாம் தோன்றவே இல்லை.

எண்ணிக்கை கிடைத்தால் மட்டும் போதாது. வகுக்கவும் வேண்டும். 45,900 என்பது பெரிய எண்தான், ஆனால் 112 கோடிப் பேரில். வகுத்தால் லட்சம் பேருக்கு 4.1. இப்படி வகுத்து வருவதுதான் விகிதம். ஜனத்தொகை ஏறிக்கொண்டே இருக்கும்போது வெறும் எண்ணிக்கையை வைத்து வருடத்தையும் வருடத்தையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஆனால் எதால் வகுக்கிறோம் என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. பைக் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும்.

1970-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 14,500 பேர். அப்போது மொத்த வண்டிகள் சுமார் 14 லட்சம். 2000-ல் இறந்தவர்கள் சுமார் 78,900. வண்டிகள் 4 கோடியே 88 லட்சம். இப்போது வண்டியால் வகுங்கள். பத்தாயிரம் வண்டிக்கு 1970-ல் 103 சாவு, 2000-ல் 16 சாவு. ஆகா, ரோடு எவ்வளவு பத்திரமாகிவிட்டது! அதையே ஜனத்தொகையால் வகுங்கள். லட்சம் பேருக்கு 1970-ல் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல், 2000-ல் ஏழரைக்கும் மேல். ஐயோ, மூன்று மடங்கு ஆகிவிட்டது! இரண்டு கணக்கும் சரி. இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றே. மந்திரிக்கு எது பிடிக்கும், எதிர்க்கட்சிக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், வண்டி வாங்க முடியாமல் ரோட்டோரம் நடந்து போகிறவனும் அடிபட்டுச் சாகிறான், அதனால் ஜனத்தொகையால் வகுப்பதுதான் நியாயம்.

2022-ல் இந்தியாவில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாம்தான் நாட்டிலேயே முதலிடம், 64,105. இதுவும் போலீஸ் பதிவு செய்ததுதான். 2016-க்கு அரசுக் கணக்கு 1,50,785 என்றிருக்க, உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது 2,99,091. ரோட்டில் பட்டப்பகலில் நடக்கும் சாவிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் பாம்புக்கடியைக் கேட்கவே வேண்டாம்.

இனி, காலப்போக்கில் கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்வி. இதைச் சொல்ல நம் சர்வே கிரவுண்டுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வருடம் லெவலிங் பிராக்டிகல். டம்பி லெவலை நிறுத்தி, பெஞ்ச் மார்க்கில் பேக் சைட் எடுத்து, வரிசையாக ஸ்டாஃப் ரீடிங் எடுத்துக்கொண்டே போகிறோம். நடுவில் எங்கள் பேட்சில் ஒருவன் (பெயர் வேண்டாம், அவனும் இந்த மலரைப் படிப்பான்) ட்ரைபாட் காலை இடித்துவிட்டான். மண்ணில் கால் இறங்கிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் குமிழியை மட்டும் சரிசெய்துவிட்டு நின்றுகொண்டான். கருவி பத்து சென்டிமீட்டர் இறங்கியதால் அதற்குப் பிறகு வந்த ரீடிங் எல்லாம் குறைந்தது. கணக்குப் போட்டு வரைந்தால் கிரவுண்டு நடுவில் திடீரென்று பத்து சென்டிமீட்டர் மேடு! சார் தாளையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த மேடு எங்கடா இருக்கு? எனக்கும் காட்டு, நானும் ஏறிப் பார்க்கிறேன்." தரை மாறவில்லை. பார்க்கிற கருவி மாறிவிட்டது. நோய்க் கணக்கிலும் இதே கதைதான். கோடு மேலே ஏறினால் முதலில் ட்ரைபாட் காலைப் பார்க்க வேண்டும்.

பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 கடைசியில் நம் நாட்டில் சுகாதார ஊழியர்கள் லட்சக்கணக்கான வீடுகளைத் தட்டி, அம்மை கண்ட முகத்தின் படத்தைக் காட்டி, இப்படி யாருக்காவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். தகவல் சொன்னவர்களுக்குப் பரிசுப் பணம்கூட உண்டு. விளைவு? 1974-ல் பதிவான பெரியம்மை 1,88,003 பேர், சாவு 31,262. பீகாரில் உண்மையிலேயே பெரிய பரவல் இருந்தது. அதோடு, அதுவரை மறைந்து கிடந்ததும் வெளியே வந்தது. வெறும் வரைபடத்தைப் பார்த்தவன் திட்டம் தோற்றுவிட்டது என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் தேடிப் பிடித்த ஒவ்வொருவரையும் சுற்றி ஊசி போட்டுக்கொண்டே போனதில், 1975 மே மாதம் அசாமில் கண்டதுதான் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை.

போலியோவில் அதைவிடச் சுவாரஸ்யம். கடைசி போலியோ 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு சிறுமிக்கு. 2009-ல் 741 ஆக இருந்தது 2010-ல் 42 ஆகி, 2011-ல் ஒன்றாகி, பிறகு பூஜ்யம். ஆனால் பூஜ்யத்தை எப்படி நம்புவது? யாரும் தேடாவிட்டாலும் பூஜ்யம்தானே வரும்! அதற்கு ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். 15 வயதுக்குள் எந்தப் பிள்ளைக்குக் கை கால் திடீரென்று தளர்ந்து போனாலும், போலியோ என்று தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், தெரிவித்து மலத்தை லேபுக்கு அனுப்ப வேண்டும். போலியோ இல்லாமல் வேறு காரணத்தால் இப்படித் தளர்ச்சி வருவது எந்த ஊரிலும் வருடத்துக்கு லட்சம் பிள்ளைகளில் ஒருவருக்காவது நடக்கும். ஒரு மாவட்டத்திலிருந்து அந்த ஒன்றுகூட வரவில்லை என்றால், நோய் இல்லை என்று சந்தோஷப்பட மாட்டார்கள். அங்கே யாரும் பார்க்கவில்லை என்று ஆள் அனுப்புவார்கள். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்று சான்று கிடைத்தது இப்படி நம்பத்தகுந்த பூஜ்யத்தை வைத்துத்தான். செவிலியர் அக்கா 'இல்லை' என்று எழுதியதன் அர்த்தம் எனக்கு இங்கேதான் முழுசாகப் புரிந்தது.

தொற்றுநோய்க்கு வருடக் கணக்கு போதாது. காலரா கிளம்பியது அடுத்த வருடம் புத்தகத்தில் வந்து என்ன பயன்? அதை வாரத்தில் பிடிக்க வேண்டும். இதற்கும் முன்னோடி நம் வேலூர்தான். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1980-களில் வட ஆற்காடு மாவட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்தார். அரசு டாக்டர், தனியார் டாக்டர் எல்லோரிடமும் அச்சடித்த தபால் அட்டை இருக்கும். குறிப்பிட்ட சில நோய்களைப் பார்த்தால் நிரப்பித் தபாலில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. வந்த அட்டைகளைச் சேர்த்து மாதம் ஒரு அறிக்கை அச்சடித்து அந்த டாக்டர்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். நான் அனுப்பியது குப்பைக்குப் போகவில்லை என்று தெரிந்தால்தானே அடுத்த அட்டையும் வரும்! பிறகு கேரளாவில் கோட்டயத்திலும் இந்த முறையைப் பின்பற்றினார்கள்.

1994-ல் சூரத்தில் பிளேக் என்று சொல்லி ஊரே ரயில் ஏறி ஓடியதும் நாடு விழித்துக்கொண்டது. 2004 நவம்பரில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. அதில் மூன்று படிவம். எஸ் படிவம் கிராமச் செவிலியருடையது, அறிகுறி மட்டும் எழுதுவது. பி படிவம் டாக்டருடையது, இன்ன நோயாக இருக்கலாம் என்று எழுதுவது. எல் படிவம் லேபுடையது, உறுதி செய்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரக் கணக்கு. 2021 ஏப்ரலில் இருந்து இதெல்லாம் கம்ப்யூட்டர் தளத்துக்கு மாறி அன்றன்றைக்கே ஏறுகிறது. அக்கா நோட்டிலும் எழுதி டேப்லெட்டிலும் தட்டியதன் ரகசியம் இதுதான். டாக்டர் நிரப்பும் படிவத்தில் நாய்க்கடிக்கும் பாம்புக்கடிக்கும்கூட இடம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்களுக்கு மட்டும்.

அப்படியானால் அப்பா தவறான காரணத்தோடு பதிந்தது வீணா? அப்படியும் இல்லை. சாவு என்ற அளவில் அது பதிவாகிவிட்டது. அதற்கும் மதிப்பு உண்டு என்பதைக் கொரோனா காட்டியது. நாட்டில் பதிவான மொத்தச் சாவு 2019-ல் 76 லட்சம், 2020-ல் 81 லட்சம், 2021-ல் 1 கோடியே 2 லட்சம்! ஒரே வருடத்தில் 21 லட்சம் கூடுதல். அந்த வருடம் கொரோனாவால் இறந்ததாக அரசு கணக்கில் வந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர். பதியும் பழக்கம் கூடியதும் இதில் ஒரு பங்கு என்று சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் மொத்த உயர்வையும் அந்தப் பழக்கத்தின் தலையில் கட்ட முடியாது என்பது என் கருத்து. காரணக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிட்டது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. 1939-ஆம் வருடத்துப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ்தான். இந்த மாதிரிச் சட்டம் இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது அன்றைய சென்னை மாகாணம். இனி அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி வந்தாலும் தெரிவிக்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை புட்டி விஷமுறிவு மருந்து வைப்பது என்று முடிவு செய்ய முடியும். மருந்து செய்ய விஷம் எடுத்துத் தருவதும் நம் மாநிலத்து ஆட்கள்தான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம். ஒருபக்கம் மருந்துக்கு மூலம் இங்கே, மறுபக்கம் மருந்து எட்டாமல் செத்தவர்களும் இங்கே.

அதனால் இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் "தமிழகத்தில் பாம்புக்கடி இருமடங்கு உயர்வு" என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தால், பாம்புகள் குட்டி போட்டுப் பெருகிவிட்டன என்று யாராவது டீக்கடையில் சொல்வார்கள். நீங்கள் டிப்ளமோ படித்தவர்கள். ட்ரைபாட் காலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் ஒரு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். பாதி அவருக்குப் புரிந்திருக்காது. "அப்ப நான் சொன்னதைத்தானே எழுதினாங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முல்லைப் பூ பறிக்கப் போன இடத்தில் கணுக்காலில் கடி. ஊரில் ஒருவர் கயிற்றை எடுத்து இறுக்கிக் கட்ட வந்தார், இன்னொருவர் மந்திரிக்கக் கூப்பிடச் சொன்னார். அப்பா இரண்டு பேரையும் விலக்கிவிட்டு 108-க்குப் போன் போடச் சொன்னார். சித்தியை நடக்கவிடாமல் கட்டிலோடு மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போனோம். கண்ணாடி விரியன். விஷமுறிவு மருந்து ஏற்றி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பிழைத்து வந்துவிட்டார். இப்போது மறுபடி பூ பறிக்கப் போகிறார், காலில் நீள பூட்ஸ் போட்டுக்கொண்டு. ஊரே சிரிக்கிறது, அவர் கவலைப்படுவதில்லை.

அன்று காலை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் அப்பா நகராமல் நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன். "இருடா" என்றார். எழுதுகிறவர் பேனாவை மூடியதும் என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"பாம்புன்னு எழுதியிருக்காங்களான்னு படிச்சுச் சொல்லு."